பெட்டிப் படத்தில் மணி எங்கே?

எங்கள் ஆப்பில் ஒருவர் கட்டும் பணம் எந்த வழியாகப் போகிறது என்று காட்டும் படம் அது. போட எனக்கு இரண்டு நாள் ஆனது. இருபத்தேழு பெட்டிகள். அம்புக்குறிகளை எண்ணவில்லை, நாற்பதுக்குக் குறையாது. மொபைல் ஆப் ஊதா, எங்கள் சர்வர்கள் நீலம், பேமெண்ட் கேட்வே (எங்களுக்கும் வங்கிக்கும் நடுவில் நிற்கும் இடையாள்), வங்கி மாதிரியான வெளியாட்கள் சாம்பல். ஒரு கோடு இன்னொரு கோட்டை வெட்டாதபடி பெட்டிகளை இழுத்து இழுத்து வைத்தேன். முடிந்தபோது மார்கழி மாதத்து வாசல் மாதிரி இருந்தது.

மீட்டிங்கில் திரையைப் பகிர்ந்து பதினெட்டு நிமிஷம் பேசினேன். "யாருக்காவது ஏதாவது கேட்கணுமா?" என்றேன். ஒன்பது சின்னச் சதுரங்கள். ஒன்பதிலும் மைக்கின் மேல் சிவப்புக் கோடு. ஒருவர் கைதட்டும் பொம்மை அனுப்பினார். இன்னொருவர் "ரொம்பத் தெளிவா இருக்கு" என்று சாட்டில் எழுதினார். மனம் குளிர்ந்துபோய் லேப்டாப்பை மூடிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

மூன்றாம் நாள் புனேயிலிருந்து நிதிப் பிரிவு மேடம் ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தார். ஒரே வாடிக்கையாளரிடம் ஏன் இரண்டு தடவை பணம் எடுத்தோம்?

அந்தக் கேள்விக்குத்தான் பதினெட்டு நிமிஷமும் பதில் சொன்னதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் இருப்பது ராஜபாளையத்தில். 2020இல் எல்லோரையும் போல ஊருக்கு வந்தவள், திரும்பிப் போகவில்லை. என் டீம் புனேயிலும் டொரொன்டோவிலும் போலந்தின் கிராக்கோவிலும் சிதறிக் கிடக்கிறது. எல்லோரும் ஒரே அறையில் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை. அதற்கு முன் சென்னையில் ஆபீஸ் போய்க்கொண்டிருந்த காலத்தில் இந்த மாதிரிச் சிக்கல் வந்தால் யாராவது எழுந்து வெள்ளைப் பலகைக்குப் போவார்கள். மார்க்கர் பாதி காய்ந்திருக்கும். முந்தின வாரத்துக் கிறுக்கல் அழியாமல் பின்னால் தெரியும். ஒரு பெட்டி, ஒரு அம்பு. "அப்படி இல்லப்பா" என்று இன்னொருவர் எழுந்து வந்து மார்க்கரைக் கையிலிருந்து வாங்கிக்கொள்வார். வீட்டிலிருந்து வேலை பார்க்க ஆரம்பித்தபின் பலகை போய்விட்டதே என்று எல்லோரும் புலம்பினோம். ஆளுக்கொரு ஆன்லைன் பலகை கண்டுபிடித்தோம். பலகை கிடைத்தது. மார்க்கரைப் பிடுங்கும் ஆள் கிடைக்கவில்லை. திரையைப் பகிர்கிற ஒருத்தரிடமே மார்க்கர் கடைசிவரை இருக்கிறது. மற்றவர்கள் சினிமா பார்க்கிறார்கள்.

மேடத்தின் அந்த வரி வந்த மத்தியானம் கரண்ட் இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை. படத்தின் ஏ3 அச்சுப் பிரதியைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து வைத்து, எங்கே கோட்டை விட்டேன் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா வந்தார். ரயில்வேயில் மதுரைக் கோட்டத்தில் செக்‌ஷன் கண்ட்ரோலராக இருந்து ஓய்வு பெற்றவர். மோர் கேட்டார், குடித்தார், மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் பார்த்தார். ஏதோ வீட்டு வயரிங் பிளான் என்று நினைத்தாராம். இல்லை, பணம் கட்டும் வழி என்று சொன்னேன். விரலை வைத்து ஒவ்வொரு அம்பாகப் போனார்.

"எல்லாம் சரிம்மா. இதுல மணி எங்க?"

"மணியா?"

"எது முன்னாடி நடக்குது, எது பின்னாடி நடக்குதுன்னு இதுல எப்படித் தெரியும்? இந்த அம்பு ஒரு தடவை போகுதா, ஒன்பது தடவை போகுதா?"

பொதுவாகப் பெரியப்பா எதைப் பார்த்தாலும் ரயில்வேக்குக் கொண்டுபோய்விடுவார் என்பதால் முதலில் நான் அதைக் காதில் வாங்கவில்லை. அவர் விடவில்லை. தாளைத் திருப்பி, பேனா கேட்டார். இல்லை, பென்சில் கொண்டு வா என்றார்.

இடது ஓரத்தில் மேலிருந்து கீழே ஊர்ப் பேர்களை எழுதினார்: விருதுநகர், திருத்தங்கல், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில், பாம்புக்கோவில் சந்தை, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை. ஊருக்கு ஊர் இடைவெளி ஒரே மாதிரி இல்லை. கிலோமீட்டருக்குத் தக்கபடி நெருக்கியும் தள்ளியும் எழுதினார். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் கை அதைத் தானாகச் செய்தது. மேலே குறுக்கே மணி: ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு விருதுநகரிலிருந்து சாய்வாக ஒரு கோடு இறங்கியது. அதுதான் வண்டி. கோடு செங்குத்தாக இருந்தால் வண்டி வேகமாகப் போகிறது, சாய்ந்து படுத்தால் மெதுவாகப் போகிறது. படுக்கையாக ஓடினால் வண்டி ஸ்டேஷனில் நிற்கிறது, மணி மட்டும் ஓடுகிறது. செங்கோட்டையிலிருந்து மேல்நோக்கி எதிர் வண்டிக்கு ஒரு கோடு. இரண்டும் ஓரிடத்தில் வெட்டிக்கொண்டன.

"இது ஒத்தை லைன். இந்த ரெண்டு கோடும் ஸ்டேஷன் கோட்டு மேலதான் வெட்டணும். பாம்புக்கோவில் சந்தைக்கும் கடையநல்லூருக்கும் நடுவுல வெட்டுச்சுன்னு வையி…" என்று நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். மீதியை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இதைக் கண்ட்ரோல் சார்ட் என்பார்கள். இப்போது கம்ப்யூட்டரே வரைந்துவிடுகிறது. அவர் காலத்தில் கையால், வகைக்கொரு நிறப் பென்சிலால் வரைந்தார்கள். மதுரையில் ஒரு மேஜை, காதில் போன். ஒவ்வொரு ஸ்டேஷன் மாஸ்டரும் கூப்பிட்டு வண்டி வந்த நேரம், போன நேரம் சொல்வார். இவர் கோட்டை நீட்டிக்கொண்டே போவார். எந்த வண்டியை எந்த ஊரில் ஓரங்கட்டி எதற்கு வழிவிடுவது என்று அந்தத் தாளைப் பார்த்தே முடிவு செய்வார். தன் செக்‌ஷனில் ஓடிய வண்டி ஒன்றையும் வேலை நேரத்தில் அவர் கண்ணால் பார்த்ததில்லை. இந்த வரைபட முறை ரயில்வேயில் ரொம்பப் பழசு. பிரெஞ்சு அறிவியலாளர் எத்தியென்-ஜூல் மாரே 1885இல் அச்சிட்ட பாரிஸ்–லியோன் ரயில் படத்தை இணையத்தில் தேடிப் பாருங்கள். பெரியப்பா போட்டதற்கும் அதற்கும் ஊர்ப் பேர்தான் வித்தியாசம்.

கரண்ட் வருவதற்குள் நான் ஏ3 தாளை மடித்து வைத்துவிட்டேன்.

என் சிக்கல் முழுக்க நேரத்தில் இருந்தது. பயனர் ஆப்பில் "பணம் செலுத்து" என்று அழுத்துகிறார். ஆப் முப்பது விநாடி காத்திருக்கும். அதற்குள் பதில் வராவிட்டால் தோற்றுவிட்டது என்று நினைத்து மறுபடி அனுப்பும். பெரும்பாலான நாட்களில் வங்கி மூன்று விநாடியில் பதில் சொல்லிவிடும். மாதத்தின் முதல் தேதி சாயங்காலம் வங்கிக்கு மூச்சு வாங்கும். முப்பத்துநாலாவது விநாடியில் "சரி, பணம் எடுத்தாச்சு" என்று பதில் கிளம்பும். அதற்குள் ஆப் இரண்டாவது கோரிக்கையை அனுப்பிவிட்டது. எங்கள் சர்வருக்கு அது புதுக் கோரிக்கை. மறுபடியும் பணம்.

பெட்டிப் படத்தில் இது எப்படித் தெரியும்? ஆப் என்ற பெட்டியிலிருந்து சர்வர் என்ற பெட்டிக்கு ஒரு அம்பு. முதல் தடவை போனதும் அதே அம்பு, இரண்டாம் தடவை போனதும் அதே அம்பு. எது எதோடு பேசும் என்பதற்கு அது நல்ல படம். எது எப்போது பேசும் என்பதற்கு அதில் இடமே கிடையாது. இல்லாத இடத்தில் இருக்கிற சிக்கலைத்தான் பதினெட்டு நிமிஷம் வாயால் நிரப்பப் பார்த்திருக்கிறேன்.

அன்று இரவே புதுப் படம் போட்டேன். ஊர்களுக்குப் பதில் ஆப், எங்கள் சர்வர், கேட்வே, வங்கி என்று நான்கு பேர். பெரியப்பா குறுக்கே ஓடவிட்ட மணியை நான் கீழ்நோக்கி ஓடவிட்டேன். எங்கள் தொழிலில் அப்படித்தான் வழக்கம், சீக்வென்ஸ் டயகிராம் என்போம். நான்கு செங்குத்துக் கோடுகள், அவற்றுக்கிடையே சாய்வாக இறங்கும் அம்புகள். இந்தச் சாய்வு முக்கியம். நிறைய மென்பொருட்கள் அம்பைப் படுக்கையாகப் போட்டுவிடும், செய்தி போன கணத்திலேயே சேர்ந்துவிட்டது மாதிரி. சாய்த்துப் போட்டால்தான் வழியில் ஆகும் நேரம் கண்ணில் படும். கணினி அறிவியலாளர் லெஸ்லி லாம்போர்ட் 1978இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இதே போன்ற படம்தான் இருக்கிறது: செங்குத்துக் கோடுகள் கணினியில் ஓடும் வேலைகள், புள்ளிகள் நிகழ்வுகள், நெளிகோடுகள் செய்திகள். அவர் நேரத்தைக் கீழிருந்து மேலே ஓடவிட்டார், சார்பியல் கொள்கைக்காரர்கள் வரைகிற மாதிரி. இரண்டு கணினிகளில் நடந்த இரண்டு நிகழ்வுகளில் எது முந்தியது என்று சில சமயம் சொல்லவே முடியாது என்பதை அந்தப் படத்தை வைத்துத்தான் அவர் விளக்குகிறார். கல்லூரியில் அதைப் படித்து மார்க் வாங்கியவள் நான். பெரியப்பா கேட்கிற வரைக்கும் ஞாபகம் வரவில்லை.

வரையும்போதே ஒன்று இடித்தது. எங்கள் சர்வருக்கும் கேட்வேக்கும் நடுவில் நாங்கள் பயன்படுத்தும் லைப்ரரி (வேறு யாரோ எழுதிவைத்த ஆயத்த நிரல்), பதில் வராவிட்டால் தானாகவே இரண்டு தடவை மறுபடி முயலும். அதன் செட்டிங்கை நாங்கள் யாரும் தொட்டதில்லை. அப்படி ஒன்று இருக்கிறது என்பதே எனக்கு அந்தக் கோட்டைப் போடும்போதுதான் உறைத்தது. ஆப் மொத்தம் மூன்று முறை, ஒவ்வொன்றுக்கும் லைப்ரரி மூன்று முறை. பெரியப்பா வாய்க்கு வந்ததைச் சொன்ன அந்த ஒன்பது, தாளில் அப்படியே வந்து நின்றது.

இந்த முறை நான் முடிந்த படத்தைக் காட்டவில்லை. காலித் தாளைக் காட்டினேன்.

அதற்கான ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும். இரண்டு பெரிய எவர்சில்வர் சம்படங்கள், ஒன்றில் பருப்பு, ஒன்றில் ரவை. கனமாக இருக்க வேண்டும், காலிச் சம்படம் ஆடும். மேலே குறுக்கே இரண்டு மரஸ்கேல். அதன்மேல் போன், கேமரா மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும்படி. போனை அதே மீட்டிங்கில் இன்னொரு ஆளாகச் சேர்த்துவிட்டேன். கீழே ஏ4 தாள். முதல் ஐந்து நிமிஷம் எல்லோருக்கும் தாள் தலைகீழாகத் தெரிந்தது. ஃபேன் காற்றில் தாள் பறந்தது. டியூப்லைட் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் என் கை நிழல் விழுந்து எழுதுகிற இடமே இருட்டாக இருந்தது. பால்பாயிண்ட் பேனாக் கோடு வீடியோவில் மங்கிக் காணாமல் போனது. மகளின் கறுப்பு ஸ்கெட்ச் பென்னைக் கடன் வாங்கினேன். இதெல்லாம் கேலியாக இருந்தது, ஆனால் அந்த ஐந்து நிமிஷத்தில் மூன்று பேர் மைக்கைத் திறந்து சிரித்தார்கள். திறந்த மைக் திறந்தபடியே இருந்தது.

நான்கு கோடு போட்டேன். "ஆப் அனுப்புகிறது" என்று முதல் அம்பு. போய்க்கொண்டே இருந்தேன். வங்கியிலிருந்து திரும்பி வரும் அம்பை வேண்டுமென்றே பாதியில் நிறுத்திவிட்டு, ஆப் பக்கம் முப்பது விநாடிக்கு ஒரு குறுக்குக் கோடு போட்டேன். இப்போது ஆப் என்ன செய்யும் என்று கேட்டேன். கிராக்கோ பையன், வழக்கமாக வாயே திறக்காதவன், "மறுபடி அனுப்பும்" என்றான். அனுப்பினேன். அதன் குறுக்கே பழைய பதில் வந்து சேர்ந்தது. இரண்டு கோடும் வெட்டிக்கொண்டன.

"ஓ," என்றார் புனே மேடம். அவ்வளவுதான். பதினெட்டு நிமிஷம் ஆகவில்லை.

தீர்வு எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பயனர் பொத்தானை அழுத்தியதும் அந்தக் கொடுப்பனவுக்கு ஓர் அடையாள எண் பிறக்க வேண்டும். எத்தனை தடவை மறுபடி அனுப்பினாலும் அதே எண்ணோடு போக வேண்டும். ஐடெம்பொடென்சி கீ என்று பெயர். ரேஷன் கடையில் இந்த மாதத்துச் சர்க்கரை வாங்கியதாகப் பதிந்துவிட்டால் அதே கார்டை மறுபடி நீட்டினாலும் இன்னொரு தடவை அளக்க மாட்டார்கள், அதேதான். புதுத் தாளில் அதே படத்தை மறுபடி போட்டு, இந்தத் தடவை ஒவ்வொரு அம்பின்மேலும் அந்த எண்ணை எழுதினேன். இரண்டாவது அம்பு சர்வரைத் தொட்டதும் "இது ஏற்கெனவே இருக்கு" என்று நின்றது.

இதற்குச் சில மாதம் கழித்து வேறு எதற்கோ தேடப் போய், சேலஞ்சர் விண்வெளி ஓடம் பற்றிய விசாரணை அறிக்கையில் போய் விழுந்தேன். விபத்து எல்லோருக்கும் தெரியும்: 1986 ஜனவரி 28, கிளம்பி 73ஆவது விநாடியில் ஓடம் சிதறியது, உள்ளே இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். முந்தின நாள் இரவு நடந்தது ஒரு ரிமோட் மீட்டிங் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

மூன்று ஊர்கள் போன் லைனில் இருந்தன. யூட்டாவில் பூஸ்டர் ராக்கெட் செய்த தயோகோல் நிறுவனத்தின் பொறியாளர்கள், ஃப்ளோரிடாவில் ஏவுதளம், அலபாமாவில் நாசாவின் மார்ஷல் மையம். குளிரில் பூஸ்டரின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் இறுகிப்போகும், நாளைக்கு ஏவ வேண்டாம் என்று பொறியாளர்கள் சொல்ல வேண்டும். வீடியோ கிடையாது. அவசர அவசரமாகத் தயாரித்து, பாதியைக் கையாலேயே எழுதி, 13 தாள்களை ஃபேக்ஸில் அனுப்பினார்கள். தகவல் படங்களைப் பற்றிப் புத்தகங்கள் எழுதிய எட்வர்ட் டஃப்டி பின்னாளில் அந்தப் பதின்மூன்றையும் எடுத்து வைத்துத் துவைத்துக் காயப்போட்டார்: எல்லாப் பயணங்களையும் எடுத்து, ஒரு பக்கம் வெப்பநிலை, இன்னொரு பக்கம் வளையத்தின் சேதம் என்று ஒரே ஒரு படம்கூட அதில் இல்லை. விசாரணைக் குழு அந்தக் கணக்கைப் போட்டது. வளையம் 66 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ இருந்தபோது நடந்த 20 பயணங்களில் மூன்றில்தான் சேதம். 63 டிகிரியோ அதற்குக் கீழோ இருந்தபோது நடந்த நான்கு பயணங்களில் நான்கிலுமே சேதம். அன்று காலை ஏவுதளத்தில் 36 டிகிரி, நம் கணக்கில் கிட்டத்தட்ட 2 டிகிரி செல்சியஸ்.

டஃப்டி சொன்னது முழு நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பொறியாளர்களில் ஒருவரான ரோஜர் பாய்ஜோலியும் வேறு சிலரும் அவருக்கு மறுப்பு எழுதியிருக்கிறார்கள்: அன்றிரவு தங்கள் கையில் என்ன இருந்தது என்பதையே அவர் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை, காற்றின் வெப்பநிலையையும் வளையத்தின் வெப்பநிலையையும் கலந்துவிட்டார் என்று. சில மணி நேரத்தில் ஸ்லைடு தயாரித்த அனுபவம் உள்ள யாருக்கும் அவர்கள் பக்கம் சாயத்தான் தோன்றும்.

என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு இடம். நாசா தரப்பு கடிந்துகொண்டபின், தயோகோல்காரர்கள் தங்களுக்குள் பேச ஐந்து நிமிஷம் கேட்டு லைனிலிருந்து விலகுகிறார்கள். ஐந்து நிமிஷம் ஏறக்குறைய அரை மணி ஆகிறது. அந்த அரை மணியில் ஆர்னி தாம்சன் என்ற பொறியாளர் தன் இடத்திலிருந்து எழுந்து போய், மேலாளர்கள் முன்னால் ஒரு நோட்டை வைத்து, அந்த இணைப்பு எப்படி இருக்கும், வளையம் எங்கே உட்காரும் என்று மறுபடி வரைந்து காட்டப் பார்த்திருக்கிறார். அவர்களுக்கு ஏறவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டார். பாய்ஜோலி புகைப்படங்களை எடுத்து நீட்டி, பாருங்கள் என்று மன்றாடியிருக்கிறார். விசாரணையில் பாய்ஜோலியே சொன்னது இது.

அன்றிரவு கையில் பென்சில் எடுத்து, எதிராளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வரைந்த படம் அந்த ஒன்றுதான் என நினைக்கிறேன். அது வரையப்பட்டபோது லைன் மியூட்டில் இருந்தது. ஃப்ளோரிடாவிலும் அலபாமாவிலும் இருந்தவர்கள் கையில் ஃபேக்ஸ் தாள் மட்டும் இருந்தது. லைனுக்குத் திரும்பி வந்து மேலாளர்கள் "ஏவலாம்" என்றார்கள்.

இரண்டு வாரம் கழித்து, பிப்ரவரி 11 அன்று, விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் கேமராக்களுக்கு முன்னால் ஒரு துண்டு வளையத்தைக் கிடுக்கியில் இறுக்கி ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்தார். கிடுக்கியைத் தளர்த்தியும் ரப்பர் உடனே பழைய வடிவத்துக்கு வரவில்லை. அதை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். எனக்கு அந்த நோட்டுத் தாள்தான் திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது.

சரி, நம் கதைக்கு வருகிறேன். அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதெல்லாம் சில்லறை விஷயங்கள். ஆனால் சில்லறையில்தான் எங்கள் நேரம் போகிறது.

"இங்கே", "அங்கே" இரண்டும் ரிமோட்டில் செல்லாக் காசு. நான் மவுஸை ஒரு பெட்டிமேல் வைத்து "இதைப் பாருங்க" என்று சொல்லும்போது, டொரொன்டோவில் மவுஸ் இன்னும் பழைய பெட்டியிலேயே நிற்கிறது; குரல் முந்தி வந்துவிடுகிறது, படம் பிந்தி வருகிறது. அதனால் ஒவ்வொரு அம்புக்கும் எண் போடுகிறேன். "நாலாம் அம்பு" என்றால் யாருக்கும் குழப்பமில்லை. டீமில் டொரொன்டோவில் இருக்கும், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர் யாழ்ப்பாணத்துக்காரர். நாங்கள் இருவர் மட்டும் பேசும்போது தமிழ்தான். "உது என்ன?" என்பார். எனக்கு முன்னால் இருப்பதைக் காட்டி, அவர் பக்கத்திலிருந்து கேட்கும் "உது". எங்கள் பக்கம் எப்போதோ தொலைத்துவிட்ட சொல். இதுவும் இல்லை, அதுவும் இல்லை, எதிராளியின் அருகில் இருப்பது. திரை பகிர்வதற்கென்றே செய்த மாதிரி இருக்கிறது. வெட்கமில்லாமல் நானும் எடுத்துக்கொண்டேன். அவர் சிரிக்கிறார்.

நிறத்தை நம்புவதை விட்டேன். வெற்றிக்குப் பச்சை அம்பு, தோல்விக்குச் சிவப்பு அம்பு என்று போட்டிருந்தேன். கிராக்கோ பையன் ஒரு நாள் தனியாக எழுதினான்: எனக்கு இரண்டும் ஒரே நிறம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய பன்னிரண்டு பேரில் ஒருவருக்கு இப்படியாம். ஒன்றரை வருஷமாக என் படங்களைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறான். இப்போது தோல்வி என்றால் புள்ளிக்கோடு, நுனியில் ஒரு பெருக்கல் குறி.

டொரொன்டோவுக்கும் எனக்கும் வெயில் காலத்தில் ஒன்பதரை மணி நேரம், குளிர் காலத்தில் பத்தரை. எல்லாவற்றையும் நேருக்கு நேர் வரைந்துகொண்டிருக்க முடியாது. விளக்க வீடியோ எடுத்து அனுப்பிப் பார்த்தேன். நானே என் வீடியோவை இரண்டு மடங்கு வேகத்தில்தான் பார்க்கிறேன், மற்றவர்களை என்ன சொல்ல. இப்போது ஒரே படத்தை ஆறு படமாக அனுப்புகிறேன். முதலாவதில் வெறும் நான்கு கோடு. இரண்டாவதில் ஒரு அம்பு கூடுதல், கீழே ஒரு வரி. இப்படியே ஆறாவது வரை. போனில் படுத்துக்கொண்டு விரலால் தள்ளிப் பார்க்கலாம். பெரியப்பா கோட்டை நீட்டிக்கொண்டே போன மாதிரிதான்.

கருவிகளைப் பற்றிக் கேட்பார்கள். எக்ஸ்காலிட்ரா என்ற ஆன்லைன் பலகையைப் பிடித்திருக்கிறது, காரணம் அதில் எதைப் போட்டாலும் கையால் கிறுக்கியது மாதிரி இருக்கும். கோணல் கோட்டைப் பார்த்தால் ஜனங்களுக்குத் திருத்தக் கை வருகிறது. அச்சடித்த மாதிரி இருந்தால் கைதட்டும் பொம்மைதான் வருகிறது. நிரந்தரமாக இருக்க வேண்டிய படத்தை மெர்மெய்ட் என்ற கருவியில் எழுதிவிடுகிறேன். அதில் படம் என்பது வெறும் எழுத்து. "ஆப்பிலிருந்து சர்வருக்கு" என்று எழுதினால் அதுவே கோடு போட்டுக்கொள்ளும். எங்கள் நிரலோடு சேர்ந்து, மாற்றங்களைக் குறித்து வைக்கும் கிட்டில் (Git) இருக்கும், யார் எந்த அம்பை எப்போது மாற்றினார் என்று தெரியும். 2022 முதல், நிரலைச் சேமிக்கும் தளமான கிட்ஹப்பே அதைப் படமாகக் காட்டுகிறது. ஆனால் அம்பைப் படுக்கையாகத்தான் போடும். எனக்கு அந்த ஒரு மனத்தாங்கல்.

படமே வேண்டாத இடங்களும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். எந்த நாட்டில் எந்த வரி என்பதற்குப் பாய்வுப் படம் போட்டு ஒரு வாரம் வீணாக்கினோம். நான்கு பத்தி அட்டவணை போதுமாக இருந்தது. எது எதைத் தாங்கி நிற்கிறது என்பது கேள்வியானால் பெட்டிப் படம் இன்றைக்கும் நல்ல படம். என் இருபத்தேழு பெட்டிப் படம் புதிதாகச் சேருபவர்களுக்கான கோப்பில் இருக்கிறது. வரைவதற்கு முன் எனக்கு நானே கேட்டுக்கொள்வது இவ்வளவுதான்: கேள்வி எதில் இருக்கிறது? நேரத்திலா, பணத்திலா, தூரத்திலா, குளிரிலா? அது தாளின் ஓரத்தில் எழுதப்பட்டிருக்கிறதா? இல்லையென்றால் தாளைத் திருப்பு.

அந்தச் சம்படம் வைத்த மீட்டிங்கில் இன்னொன்று நடந்தது. எல்லாம் புரிந்துவிட்டது, முடிக்கலாம் என்று நான் தாளைப் போட்டோ எடுத்துப் பகிரும் பலகையில் ஒட்டிவிட்டேன். எல்லோரும் விடைபெற்றுக்கொண்டிருந்தார்கள். புனே மேடத்தின் மவுஸ் மட்டும் படத்தின்மேல் நகர்ந்துகொண்டே இருந்தது. அவர் பொறியாளர் இல்லை, கணக்குப் படித்தவர். அதுவரை எங்கள் படம் எதிலும் கைவைத்ததில்லை. "இதில் நான் எழுதலாமா?" என்று கேட்டார். கேட்வேயிலிருந்து வங்கிக்கு ஒரு கோடு போட ஆரம்பித்து, வங்கியைத் தொடுவதற்கு முன்பே விட்டுவிட்டார்.

"பதில் தாமதமாக வருவதைச் சொன்னீர்கள். கோரிக்கையே வங்கிக்குப் போய்ச் சேராமல் போனால்?"

கேட்வேக்கு இரண்டும் ஒன்றுதான் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். போகும் வழியில் தொலைந்தாலும், வரும் வழியில் தொலைந்தாலும் காத்திருப்பவருக்கு மௌனம்தான் கேட்கும். ஒன்றில் பணம் எடுக்கப்படவில்லை, மற்றதில் எடுக்கப்பட்டுவிட்டது. இரண்டையும் ஒரே "தோல்வி" என்ற பெயரில் எங்கள் டேட்டாபேஸில் எழுதிக்கொண்டிருந்தோம். மேடம் மாதாமாதம் வங்கி அறிக்கையோடு ஒப்பிடும்போது கணக்கு இடிப்பது அந்த வரிகளில்தானாம். பல மாதமாகக் கையால் சரிசெய்துகொண்டிருந்திருக்கிறார். யாரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்றார்.

விடைபெற்றவர்களைத் திரும்பக் கூப்பிட்டோம். அண்ணனுக்கு அப்போதுதான் காலை ஏழு மணி, காப்பியோடு வந்து உட்கார்ந்தார். "தெரியவில்லை" என்று ஒரு புது நிலை சேர்த்தோம். அந்த நிலையில் இருக்கும் கொடுப்பனவைப் பற்றி வங்கியிடம் மறுபடி விசாரித்த பிறகுதான் வெற்றி, தோல்வி எதையும் எழுத வேண்டும் என்று முடிவானது. வேலை முடிய மூன்று வாரம் ஆயிற்று.

மேடம் மவுஸால் போட்ட அந்தக் கோடு இன்னும் பலகையில் இருக்கிறது. நடுங்கி, நெளிந்து, வங்கிக்கு ஒரு விரற்கடை முன்னால் நிற்கிறது. எங்கள் ஆவணத்தில் அந்த நிலையைப் பற்றி எழுதும்போதெல்லாம் "மேடம் கோடு" என்றே எழுதுகிறோம். கிராக்கோ பையனும் அப்படித்தான் எழுதுகிறான், போலிஷ் வாய்க்கு வந்தபடி.

பெரியப்பாவிடம் சொன்னேன். "அந்தம்மா எந்த ஸ்டேஷன்?" என்று கேட்டார்.